பொட்டு வைத்த பந்துவீச்சாளர்

பல் டாக்டரின் காத்திருப்பு அறையில் எனக்கு எதிரே ஒரு சிறுமி பபிள்கம் மென்றுகொண்டிருந்தாள். பல் டாக்டரிடம் வந்து பபிள்கம் மெல்ல எவ்வளவு தைரியம் வேண்டும் என்று நான் மெச்சிக்கொண்டிருக்கும்போதே அந்த வாசனை வந்து மூக்கில் ஏறியது. இளஞ்சிவப்புச் சர்க்கரை வாசனை, அதற்கு அடியில் லேசாக ஒரு மாவு நெடி. அவ்வளவுதான், எந்த டாக்டர், யாருடைய பல் என்பதெல்லாம் மறந்துவிட்டது. நர்ஸ் வந்து பெயரைக் கூப்பிட்டது எனக்குக் கேட்கவேயில்லை என்று என் மகன் பிறகு சொன்னான், இங்கிலீஷில், சலிப்போடு.

என் மூக்குக்கு அது பபிள்கம் இல்லை. பழைய பேஸ்பால் கார்டு.

தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. பேஸ்பால் கார்டு என்பது சீட்டுக்கட்டு அளவில் ஓர் அட்டை. முன்பக்கம் ஆட்டக்காரரின் படம். பின்பக்கம் அவருடைய ஊர், உயரம், ஆடிய ஆட்டங்களின் கணக்கு. ஐம்பதுகளில் அமெரிக்கப் பிள்ளைகள் பெட்டிக்கடையில் சில்லறை கொடுத்து ஒரு பொட்டலம் வாங்குவார்கள். உள்ளே சில கார்டுகள், அவற்றோடு சிலேட்டுப்போல் விறைத்த ஒரு துண்டு பபிள்கம். கம்மை வாயில் போட்டுக்கொண்டு, கார்டை சைக்கிள் சக்கரத்தின் கம்பிகளுக்கு நடுவே செருகிப் படபடவென்று ஓட்டுவார்கள். சுவரில் எறிந்து பந்தயம் வைப்பார்கள். பிடிக்காத ஆட்டக்காரருக்குப் பேனாவால் மீசை வரைவார்கள். பிள்ளைகள் வளர்ந்து பட்டாளத்துக்கோ காலேஜுக்கோ போனதும் அம்மாக்கள் வீட்டைச் சுத்தம் செய்து, கார்டு வைத்திருந்த செருப்பு டப்பாவை அப்படியே குப்பையில் கொட்டினார்கள். தப்பிப் பிழைத்தவைதான் பழங்கார்டுகள். அவை அத்தனை அரிதாகிப் போனதற்கு அமெரிக்க அம்மாக்களே காரணம் என்று நான் சந்தித்த ஒவ்வொரு சேகரிப்பாளரும் ஒருமுறையாவது புலம்பியிருக்கிறார். அறுபது வயது ஆண்கள், அம்மா மேல் அப்படி ஒரு வருத்தம்.

ஈரோட்டுக்காரியான எனக்கு இந்த வருத்தத்தில் என்ன பங்கு என்று கேட்பீர்கள். எல்லாம் ஓர் இஸ்திரிப் பெட்டியால் வந்தது.

தொண்ணூறுகளின் கடைசி. உலகத்துக் கம்ப்யூட்டர்கள் எல்லாம் இரண்டாயிரம் பிறந்ததும் படுத்துவிடும் என்று பயந்துபோய், அவற்றைத் தூக்கி நிறுத்த எங்களையெல்லாம் விமானம் விமானமாக வரவழைத்துக்கொண்டிருந்த காலம். நியூ ஜெர்சியின் பிளெய்ன்ஸ்பரோவில் ஒரு பெரிய அபார்ட்மென்ட் வளாகத்தில் நானும் புவனா அக்காவும் ஒரு வீட்டைப் பகிர்ந்துகொண்டோம். அக்கா மாம்பலம். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். கணவர் சென்னையில் விசாவுக்காகக் காத்திருந்தார். அந்த விசா வரும்வரை அக்காவுக்குக் குடும்பம் என்று இங்கே இருந்தது நான்தான். அதனால் ஒரு கணவருக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் கிடைத்திருக்க வேண்டிய கவனிப்பு மொத்தமும் என் ஒருத்தி தலையில் விழுந்தது.

வந்த புதிதில் இஸ்திரிப் பெட்டி வாங்க ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளம்பினேன். தீயணைப்பு நிலையத்து ஹாலில் ஏதோ சந்தை என்று போர்டு வைத்திருந்தார்கள். பழைய சாமான் சந்தைதானே, மலிவாகக் கிடைக்கும் என்று உள்ளே நுழைந்தேன். நீள நீள மேஜைகள். ஒவ்வொன்றிலும் அட்டைகள், அவற்றின் மேல் குனிந்தபடி ஆண்கள். காப்பி வாசனை, ஈரக் கோட்டுகளின் வாசனை, எல்லாவற்றுக்கும் மேலே அந்தச் சர்க்கரை வாசனை. அந்த ஹாலில் ஒரே பெண், சுடிதார் மேல் ஜெர்கின் போட்ட பெண், நான்தான். திரும்பி வந்திருக்கலாம். ஆனால் எனக்கு அந்த வயதில் ஒரு வியாதி உண்டு. எனக்குப் புரியாத ஒன்றில் நாலு பேர் மூழ்கிக் கிடந்தால் அது என்னவென்று தெரியாமல் என்னால் நகர முடியாது.

மூலை மேஜைக்காரர் பெயர் வின்ஸ். புரூக்ளினில் பிறந்து ஜெர்சிக்குக் குடிவந்தவர். பெரிய உருவம், சின்னக் கண்ணாடி. அவர் பேசியது இங்கிலீஷ்தான். என் காது ஏனோ அதைத் தமிழில்தான் சேமித்து வைத்திருக்கிறது.

"என்னம்மா தேடற?"

"இஸ்திரிப் பெட்டி."

அவர் சிரிக்கவில்லை. "என்கிட்ட கசங்கினதுதான் இருக்கு" என்று மேஜைக்கு அடியிலிருந்து ஒரு பெட்டியை இழுத்து என் முன் வைத்தார். "இது ஆஸ்பத்திரி. பாரு."

முனை மழுங்கியவை, நடுவில் மடிந்தவை, குண்டூசி குத்தியவை, மீசை வரையப்பட்டவை, முதுகில் கம் ஒட்டிய பழுப்புத் தடம் உள்ளவை. நல்ல நிலையில் இருந்தால் என் வாடகையை விழுங்கும் கார்டுகள், அடிபட்டுக் கிடந்ததால் சில்லறை விலைக்குப் போயின. நான் ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். யாரோ ஒரு ஆட்டக்காரர். நாலு வருஷத்தில் நாலு ஊர் மாறியிருந்தார். ‘குளிர்காலங்களில் மாமனாரின் கடையில் குழாய் பழுது பார்க்கிறார்’ என்று கீழே ஒரு வரி. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இவர் நம்ம ஆள்! ஒப்பந்தம் முடிந்தால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அடுத்த ஊர், நடுவில் வேலையில்லாத மாதங்களில் கிடைத்த வேலை. எங்கள் கம்பெனியில் இதற்குப் பெயர் ‘பெஞ்ச்’. பேஸ்பாலிலும் அதேதான்.

அன்றைக்கு அந்தக் குழாய்க்காரரோடு வீட்டுக்கு வந்தேன். அக்கா கதவைத் திறந்தார்.

"எங்கடி அயர்ன் பாக்ஸ்?"

நான் கார்டைக் காட்டினேன். அக்கா அதைக் கண்ணாடி போட்டுப் பார்த்தார், கழற்றிப் பார்த்தார்.

"யாரு இந்த ஆளு? உனக்குத் தெரிஞ்சவரா?"

இப்படித்தான் ஆரம்பித்தது. ஊரில் தம்பி படித்துக்கொண்டிருந்தான், எனவே ஆசைக்கு வரம்பு இருந்தது. பக்கத்து ஊரான எடிசனில் ஒரு மசால்தோசை என்ன விலையோ அதற்கு மேல் எந்தக் கார்டுக்கும் கொடுப்பதில்லை என்று வைத்துக்கொண்டேன். மாதத்துக்கு ஒருமுறை சந்தை கூடும். நான் தோசையைத் தியாகம் செய்துவிட்டுப் போவேன். புரூக்ளினில் இருந்து, பிறகு ஒரேயடியாகக் கலிஃபோர்னியாவுக்குக் குடிபெயர்ந்துபோன அணி ஒன்று உண்டு. அது புரூக்ளினில் ஆடிய கடைசிக் காலத்து ஆட்டக்காரர்களை முழு அணியாகச் சேர்ப்பது என்று முடிவு செய்தேன். அத்தனையும் ஆஸ்பத்திரி கேஸ்கள்தான். ஒவ்வொருவராக வந்து ஆல்பத்தின் பிளாஸ்டிக் பைகளில் உட்கார்ந்தார்கள். குண்டூசித் துளைக்காரர், பேனா மீசைக்காரர், யாரோ ஒரு பிள்ளையின் ஜாம் விரல் பதிந்தவர். கம் கறையை எப்படி எடுப்பது என்றுகூட வின்ஸ் சொல்லிக்கொடுத்தார்: பெண்கள் போடும் நைலான் காலுறையால் மெல்லத் தேய்த்தால் போய்விடும். அதற்காகவே ஒரு ஜோடி வாங்கினேன். அமெரிக்காவில் நான் வாங்கிய முதலும் கடைசியுமான நைலான் காலுறை, அதை ஒரு நாளும் காலில் போட்டதில்லை.

கடைசியில் ஒரே ஒருவர்தான் பாக்கி. கேட்சர். அதாவது நம் விக்கெட் கீப்பர் மாதிரி, மட்டையடிப்பவருக்குப் பின்னால் குந்தியிருந்து பந்தைப் பிடிப்பவர். அவர் ஆஸ்பத்திரிக்கு வரவே மாட்டேன் என்றார். வின்ஸிடம் ஒன்று இருந்தது, ஆனால் பளிச்சென்று, மேஜையின் கண்ணாடிப் பெட்டிக்குள். தோசைக் கணக்கில் சொன்னால் ஒரு கல்யாணப் பந்தியே போடலாம்.

அந்த நேரம் பார்த்து பிஸ்கட்டவே என்ற ஊரில் ஒரு வீட்டு வாசலில் பழைய சாமான் விற்றுக்கொண்டிருந்தார்கள். பித்தான் டப்பா ஒன்றைக் கிளறியபோது அடியில் ஒரு கார்டு, முனை மழுங்காமல், மடியாமல். வேறு ஓர் அணியின் பந்துவீச்சாளர், தொப்பிக்குக் கீழே அகலமான நெற்றி. டப்பாவோடு சேர்த்து வாங்கினேன். அடுத்த சந்தையில் அதைக் காட்டியதும் வின்ஸ் கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

விஷயம் இதுதான். விற்பதற்கு வைத்திருந்தது போக, வின்ஸுக்கென்று சொந்தமாக ஒரு தொகுப்பு இருந்தது. சின்ன வயதில் அவர் சேர்த்து, அவர் அம்மாவும் தூக்கிப் போட்டுவிட்ட கார்டுகளையே மறுபடி சேர்த்துக்கொண்டிருந்தார். அதற்கு அவர் வைத்திருந்த சட்டம்: காசு கொடுத்து வாங்கக் கூடாது, பள்ளிக்கூடத்து வாசலில் செய்ததுபோல் கார்டுக்குக் கார்டு மாற்ற வேண்டும், கார்டில் ஒரு கீறல்கூட இருக்கக் கூடாது. அந்தத் தொகுப்பில் விடுபட்டிருந்தவர்களில் இந்தப் பந்துவீச்சாளரும் ஒருவர்.

"கேட்சருக்கு இவன். சரியா?" என்றார்.

"சரி!"

"அடுத்த மாசம் கொண்டு வா. கேட்சர உனக்காக எடுத்து வெக்கறேன். இன்னிக்கே வேணாம், என் தொகுப்புக்குப் போற கார்ட வீட்ல போய் யோசிச்சுட்டுத்தான் மாத்துவேன்."

அந்த மாதத்துக்குள் எனக்கு வேறு ஒரு சேதி வந்தது. புராஜெக்ட் டெக்ஸஸுக்குப் போகிறது, நானும் போகிறேன். ஆக அடுத்த சந்தைதான் எனக்குக் கடைசிச் சந்தை. கேட்சர் கிடைத்தால் அன்றைக்கு, இல்லையென்றால் இல்லை.

சந்தைக்கு முந்தின நாள் எங்கள் வீட்டில் ஆயுத பூஜை. பஞ்சாங்கப்படி அது வார நாளில்தான் வந்தது. ஆனால் அமெரிக்காவில் எல்லாச் சாமியும் வீக் எண்டுக்குத்தான் வரும். எனக்கு அன்றும் ஆபீஸ். சாயங்காலம் திரும்பி வந்தபோது சாம்பிராணிப் புகைக்காக ஸ்மோக் அலாரத்தின் பேட்டரியைக் கழற்றி வைத்திருந்தார் அக்கா. சமையல் மேடையில் வரிசையாக ரைஸ் குக்கர், மிக்ஸி, ஸ்க்ரூ டிரைவர், பக்கத்தில் கம்ப்யூட்டர், எங்கள் பாஸ்போர்ட்டுகள், அவர் கணவரின் விசா காகிதங்கள். எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம், ஒரு செவந்திப் பூ. அந்த வரிசையில், சரஸ்வதி படத்துக்கு நேர் கீழே, என் ஆல்பம். அதன் மேல், உறையிலிருந்து எடுத்து வைக்கப்பட்ட பந்துவீச்சாளர்.

அந்த அகலமான நெற்றியில், தொப்பிக்குச் சற்றே கீழே, வட்டமாகச் சந்தனம். சந்தனத்தின் நடுவில் குங்குமம்.

"அக்கா! என்னக்கா பண்ணி வெச்சிருக்கீங்க!"

"என்னாச்சு? அழகா இருக்காரே."

"கவர்லேர்ந்து எதுக்கு எடுத்தீங்க?"

"பின்ன? பிளாஸ்டிக் மேல வெச்சா பொட்டு பிளாஸ்டிக்குக்குத்தான் போகும். அவருக்கு எப்படிப் போகும்?"

நான் கத்தினேன். இது நாளைக்கு மாற்ற வேண்டியது என்றேன், கறை பட்டால் செல்லாது என்றேன், ஒன்றும் தெரியாமல் எல்லாவற்றிலும் கை வைப்பது ஏன் என்றேன். அக்கா தீக்குச்சியைக் கையில் வைத்தபடியே நின்றார். "நீ உசிரா வெச்சிருக்கியேன்னுதான் வெச்சேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு சுண்டலைத் தாளிக்கப் போனார்.

நான் நைலான் காலுறையை எடுத்தேன். கம் கறை போகுமென்றால் குங்குமம் போகாதா? எஞ்சினியரிங் படித்த மூளை இப்படித்தான் வேலை செய்யும். ஈரமான சந்தனம் காலுறையோடு வந்துவிட்டது. குங்குமம் வரவில்லை, அது மேலும் கீழும் இழுபட்டு நெற்றி நெடுக ஒரு சிவப்புத் தீற்றலாக நின்றது. பொட்டு வைத்த பந்துவீச்சாளர் இப்போது திருப்பதி போய்வந்தவராகிவிட்டார்.

காலையில் நான் கார் சாவியை எடுத்தபோது அக்கா பட்டுப்புடவையில், ஒரு டப்பா நிறையச் சுண்டலோடு தயாராக நின்றார்.

"நான் வரேன். நான் பேசறேன் அந்த மனுஷன்கிட்ட."

"வேணாங்க்கா. அவரு கீறல்கூட ஒத்துக்க மாட்டார்."

"வண்டிய எடு. ரங்கநாதன் தெருவுல பேசின வாய் இது."

காருக்கும் பொட்டு வைத்திருந்தார். சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுங்கும் சத்தத்தோடு கிளம்பினோம்.

ஹாலுக்குள் பட்டுப்புடவை நுழைந்ததும் மேஜைக்கு மேஜை தலைகள் நிமிர்ந்தன. வின்ஸ் சொன்னபடி கேட்சரை எடுத்து வைத்திருந்தார். நான் பந்துவீச்சாளரை நீட்டினேன். அவர் வாங்கி, விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தார். பிறகு கீழே வைத்தார்.

"என்ன இது? கெட்சப்பா?"

நான் விளக்கினேன். வருஷத்துக்கு ஒருமுறை, நமக்கு உழைக்கும் பொருளுக்கெல்லாம் நன்றி சொல்வோம் என்றேன்.

"இவன் உனக்கு என்ன உழைச்சான்? இவன் ஆட்டத்தவிட்டே நாப்பது வருஷமாச்சு."

"அதான..." என்றேன். எனக்கே சிரிப்பு வந்திருக்க வேண்டியது, வரவில்லை.

வின்ஸ் தலையை ஆட்டினார். "முடியாதும்மா. ஆஸ்பத்திரில வேணா சேத்துக்கறேன். என் தொகுப்புக்கு ஆகாது."

அக்கா என்னை நகர்த்திவிட்டு முன்னால் வந்தார். அவருடைய இங்கிலீஷ் ஆபீஸில் ஒழுங்காகத்தான் இருக்கும். பேரம் என்று வந்தால் பாதி மாம்பலத்துக்குப் போய்விடும்.

"சார், யூ ஆர் செல்லிங் டார்ன் ஒன். கிழிஞ்சத விக்கறீங்க, மீசை வரைஞ்சத விக்கறீங்க. பொட்டு வெச்சது மட்டும் ஆகாதா?" பிறகு என்னிடம், "சொல்லுடி, டிரான்ஸ்லேட் பண்ணு."

பண்ணினேன்.

"அது விக்கறதுக்கு. இது எனக்கு" என்றார் வின்ஸ். "ஆமா, அவங்க எதுக்கு இத எடுத்தாங்க? கேளு."

கேட்டேன். அக்கா என்னைப் பார்க்காமல் அவரைப் பார்த்தே சொன்னார். "வீட்ல எது எதெல்லாம் நல்லா இருக்கணுமோ அதெல்லாம் சாமிகிட்ட வெச்சேன். எங்க வீட்டுக்காரர் விசா வெச்சேன். இவ கார்ட வெச்சேன். வேற என்ன இருக்கு எங்ககிட்ட?"

இதையும் ஒரு வார்த்தை விடாமல் மொழிபெயர்த்தேன்.

வின்ஸ் கார்டை மறுபடி கையில் எடுத்தார். திருப்பினார், மறுபடி முன்பக்கம் பார்த்தார்.

"எங்கம்மா குப்பை லாரில போட்டாங்க" என்றார், கார்டிடம் சொல்வதுபோல். "இவங்க சாமிகிட்ட வெச்சிருக்காங்க."

பக்கத்து மேஜைக்காரர் எட்டிப் பார்த்து, "என்ன வின்ஸ், கறை பட்டத எடுக்கறியா? நீயா?" என்று கிண்டினார். வின்ஸ் அவரைப் பார்த்து ஒரு வசவு சொன்னார். அதை என் காது இங்கிலீஷிலேயே வைத்திருக்கிறது. பிறகு கேட்சரை என் பக்கம் தள்ளினார். வியாபாரி அல்லவா, சும்மா விடவில்லை.

"கறைக்கு ஈடா இன்னொண்ணு வேணும். அந்த டப்பால என்ன?"

அக்கா மூடியைத் திறந்தார். தேங்காயும் மாங்காயும் போட்ட சுண்டல். வின்ஸ் நின்றபடியே பாதியைச் சாப்பிட்டார். மிச்சத்தை அவர் மூடி வைத்துக்கொள்வதைப் பார்த்ததும் அக்காவின் முகம் மாறியது.

"சுண்டல் ஓக்கே. டப்பா திருப்பித் தரணும்னு சொல்லு. அது நல்ல டப்பா."

"அடுத்த மாசம் தரேன்" என்றார் வின்ஸ்.

காரில் திரும்பும்போது நான் முந்தின நாள் கத்தியதைப் பற்றி ஏதோ சொல்ல ஆரம்பித்தேன். அக்கா, "ரோட்ட பாத்து டிரைவ் பண்ணு" என்றார். பிறகு கேட்சரை என் மடியிலிருந்து எடுத்துப் பார்த்துவிட்டு, "இந்த ஆளுக்கு நெத்தியே தெரியல, மூஞ்சில ஏதோ கூண்டு மாட்டியிருக்கு" என்று குறைப்பட்டுக்கொண்டார்.

அடுத்த மாதம் நான் டெக்ஸஸில் இருந்தேன். அக்காவின் கணவருக்கு விசா வந்தது, பொட்டுதான் காரணம் என்பதில் அக்காவுக்கு இன்றும் சந்தேகமில்லை. அவர்கள் கலிஃபோர்னியாவின் பே ஏரியாவுக்குப் போய்விட்டார்கள். இரண்டாயிரத்தொன்றில் ஒரு வேலையாக ஜெர்சிக்குப் போனபோது அந்த ஹாலைத் தேடிப் போனேன். சந்தை நின்றுவிட்டிருந்தது. வின்ஸ் மகள் வீட்டோடு ஃபிளோரிடாவுக்குப் போய்விட்டார் என்று வாசலில் வண்டி கழுவிக்கொண்டிருந்தவர் சொன்னார். எந்த ஊர் என்று அவருக்குத் தெரியவில்லை. ஒரு மனிதரை அதற்குமேல் எப்படித் தேடுவது என்று எனக்கும் தெரியவில்லை.

இப்போது ஆஸ்பத்திரிப் பெட்டி என்று எதுவும் கிடையாது. எல்லாம் கம்ப்யூட்டரில்தான். கார்டுக்கு மதிப்பெண் போட்டு, கெட்டியான பிளாஸ்டிக்கில் பிரிக்க முடியாதபடி அடைத்துவிடுகிறார்கள். மோந்து பார்க்க வழியில்லை. அடிபட்ட கார்டுகளும் விற்பனைக்கு வரத்தான் செய்கின்றன, ஒவ்வொரு காயத்தையும் விலாவாரியாக எழுதி. என் அணி முழுதாகி எத்தனையோ காலமாகிவிட்டது. வாங்குவதற்கு எனக்கு எதுவும் இல்லை. ஆனாலும் மாதத்துக்கு ஒருமுறையாவது அந்த ஒரு பந்துவீச்சாளரின் பெயரைத் தட்டி, விலை குறைந்தவை முதலில் வரும்படி வைத்து, ஒவ்வொரு நெற்றியாகப் பார்த்துக்கொண்டே போகிறேன். காப்பிக் கறை இருக்கிறது. பேனாக் கோடு, எலி கடித்தது, ஒரு கண் இல்லாதது எல்லாம் இருக்கிறது. சிவப்புத் தீற்றல் உள்ளது மட்டும் இன்னும் விற்பனைக்கு வரவில்லை.